மொதல்ல நாட்டாமையப் போடு, பொறவு துப்பாக்கியத் தூக்கு

ஏலே பேராண்டி, நீ துப்பாக்கி செய்யுதேன்னு எம் மருமவ செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசல்ல நாலு பேர் காதுபடச் சொல்லிட்டா. கேட்டவங்கள்ல ஒருத்தி திருநீறுகூட வாங்காம எறங்கிப் போயிட்டா. பொறவு நாந்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும், "அது போனுக்குள்ள சுடுத துப்பாக்கி, வெளிய வராது"ன்னு வெளக்கம் சொல்லிக்கிட்டு அலையுதேன். "போனுக்குள்ள எதுக்குங்க துப்பாக்கி?"ன்னு ஒரு மாமி கேட்டா. நல்ல கேள்விதான். எங்கிட்டயும் பதில் இல்ல, உங்கிட்டயும் இருக்காது. பிரசாதத்த வாங்கிக்கிட்டு நவுந்துட்டேன்.

நம்ம தாராவியில செய்யாத சாமான் உண்டா? தோல் பை தைக்கோம், கும்பார்வாடாவுல சட்டி பானை வனையுதாவ, வடக்க ஒரு பக்கம் பிளாஸ்டிக்க நொறுக்கி மறுபடி பிளாஸ்டிக் ஆக்குதாவ, விடியக்காலம் அலுமினியச் சட்டியத் தலையில வச்சு இட்லி விக்கப் போறவனும் இங்கன இருந்துதான் கெளம்புதான். துப்பாக்கி ஒண்ணுதான் பாக்கி. அந்தக் கொறையையும் தீத்து வைக்க வந்த மகராசன் நீ.

காட்டு பாப்பம்னதும் லேப்டாப்பத் தொறந்தே. துப்பாக்கி பளபளன்னு இருந்துச்சு. நீ வரைஞ்சியான்னேன். இல்ல தாத்தா, யூனிட்டி கடையில வாங்குனதுன்னே. சத்தம்? அதுவும் வாங்குனது. ஓடுத ஆளு? அவனும் வாங்குனவன்தான். அப்ப நீ என்னலே செஞ்சே, வெத்தல பாக்கு வச்சு எல்லாரையும் அழைச்சியாக்கும்? மொறைக்காத. வாங்குனதுல ஒரு தப்பும் இல்ல. துப்பாக்கியோட உருவம் ஒரு பக்கம், சாவுத ஆளோட உருவம் மறுபக்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு பாத்தியா, அத எந்தக் கடையிலயும் உன் ஆட்டத்துக்கு அளவெடுத்து விக்கமாட்டான். உன் சோலி அந்த நடுவுலதான் கெடக்கு.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கே. உன் சித்தப்பன் 90 அடி ரோட்டுல சைபர் கஃபே வச்சிருந்தப்ப கல்லாவுல உக்காந்திருந்தவன் யாரு? கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுத பயலுவளுக்கு மணிக்கணக்குப் போட்டுத் துட்டு வாங்குனவன் நான். ஆட்டம் எனக்கு வெளங்கல. ஆனா அவனுவ போட்ட சண்டை பூராவும் வெளங்குச்சு. துப்பாக்கி ஆட்டத்தப் பத்தித் தெரிய வேண்டியது முக்காவாசி அந்தச் சண்டையிலயே இருந்துச்சு.

மொதச் சங்கதி. நீ ஒண்ணு அமுக்குதே, துப்பாக்கி டப்புங்குது, எதிராளி சாயுதான். இதுல குண்டு எங்கலே? குண்டே கெடையாது. கம்ப்யூட்டர் ஒரு நேர்கோடு இழுத்துப் பாக்கு, கோடு யார் மேல மொதல்ல முட்டுதோ அவன் செத்தான். ரேகாஸ்ட்டுன்னு சொன்னியே, அதுதான், ஆட்டக்காரனுவ ஹிட்ஸ்கேனும்பானுவ. 1993-ல வந்த டூம் ஆட்டத்துலயே கைத்துப்பாக்கிக்கு இந்த ஏமாத்துதான். ஷாட்கன்னுக்கு ஒரே நேரத்துல 7 கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். ராக்கெட்டு மட்டும் நெசமாவே பறந்து போவும், விலகிக்கிடலாம். அந்த ஆட்டத்துல மேல கீழ பாக்கவே முடியாது. மாடியில நிக்கிறவனுக்கு நேரா நின்னு அமுக்குனா, கோட்டத் தானாவே மேல தூக்கிக் குடுத்துரும். ஆடுதவன் தன்னோட கைத்தெறமைன்னு நெனச்சுக்கிடுவான். இன்னைக்கு நீ போன்ல குறி ஆள்மேல வந்ததும் கொஞ்சம் ஒட்டிப் பிடிக்கிற மாதிரி வைக்கியே, அதோட தாத்தன் அது. வையி, வேண்டாங்கல. கட்டை விரலு பாதித் திரைய மறைக்கும்போது ஒத்தாசை இல்லாம எவன் குறிபாப்பான்? ஆனா ஒத்தாசை பண்ணுதது ஆடுதவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ரோசம் வந்துரும்.

அடுத்தது, அந்தக் கோடு எங்கன இருந்து கெளம்புதுன்னு கேட்டேன். துப்பாக்கி மொகத்துல இருந்துன்னே. பொய்யி. அநேக ஆட்டத்துல அது கண்ணுல இருந்துதான் கெளம்புது. நெருப்பும் பொகையும் கொழல்ல இருந்து வர்ற மாதிரி காட்டுததெல்லாம் சும்மா பேருக்கு. கண்ணால பாத்தவன் கண்ணாலயே சுட்டுட்டுப் போறான்னு விட்டுரலாம். ஆனா உன் ஆட்டத்துல கேமரா ஆளுக்குப் பின்னால, தோளுக்கு மேல நிக்கி. நீல டிரம்முக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்திருக்கான். கேமரா டிரம்முக்கு மேல எட்டிப் பாக்கு. கொழலு டிரம்மப் பாத்து நிக்கி. கேமராக் கண்ணுல இருந்து சுட்டா, தலையே வெளிய தெரியாதவன் உன்னையக் கொன்னுபோடுவான். கொழல்ல இருந்து சுட்டா, குறி எதிராளி நெத்தியில இருக்கும், குண்டு போயி டிரம்முல முட்டும். ரெண்டுலயும் வசவு உனக்குத்தான். அதனால ரெண்டு கோடு போடு. மொதக் கோடு கேமராவுல இருந்து, எங்க குறின்னு பாக்கதுக்கு. ரெண்டாவது கொழல்ல இருந்து அந்த எடத்துக்கு, நடுவுல என்ன மறிக்குதுன்னு பாக்கதுக்கு. மறிச்சா திரையில ஒரு பெருக்கல் குறி போட்டு, "ஐயா, டிரம்மு மறிக்கி"ன்னு முன்கூட்டியே சொல்லிரு. சொல்லிட்டுத் தோக்கடிச்சா எவனும் கோவப்படமாட்டான்.

இல்ல தாத்தா, எனக்கு நெசமான குண்டுதான் வேணும், பறந்து போவணும், கீழ எறங்கணும்னு அடம் பிடிச்சே. சரி, கணக்கப் பாப்பம். ஏகே-47 கொழல்ல இருந்து குண்டு வெளிய வர்ற வேகம் நொடிக்கு 715 மீட்டர். 300 மீட்டர் போறதுக்குக் காத்துத் தடைய விட்டுட்டுப் பாத்தாலும் அரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள முக்கால் மீட்டருக்கு மேல கீழ எறங்கிரும். நெத்தியக் குறிபாத்தா தொடையில படும். நல்ல வெளையாட்டுதான், பப்ஜி மாதிரி மலையும் வயலுமா இருந்தா. நீ வரைஞ்சு வச்சிருக்கது தாராவிச் சந்து. இங்கன எந்தப் பக்கம் சுட்டாலும் பத்தடியில சுவரு. குண்டு எறங்குததுக்குள்ள மூணு குடும்பத்தோட சமையக்கட்டத் தாண்டிரும்.

தாண்டிரும்னு சும்மா சொல்லல, உன் ஆட்டத்துல நெசமாவே தாண்டுது. போன் நொடிக்கு 60 படம் காட்டுது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல உன் குண்டு 12 மீட்டர் போயிருது. நம்ம சந்துல ஒரு கோலி, அதான் ஒத்த ரூமு வீடு, பத்துக்குப் பத்து அடி. 12 மீட்டருன்னா நாலு கோலி. ஒவ்வொரு படத்துலயும் "குண்டு இப்ப எங்க நிக்கி, சுவத்துல முட்டுதா?"ன்னு மட்டும் நீ கேக்கே. குண்டு இந்த வீட்டு வாசல்ல நிக்கி, அடுத்த தடவ கேக்கும்போது அஞ்சாவது வீட்டு வாசல்ல நிக்கி. நடுவுல இருந்த நாலு தகரச் சுவருக்கும் சேதி தெரியாது. உள்ள இருக்கவன், "எவம்லே சுட்டான்"னு கேக்கக்கூட நேரமில்லாமச் சாவுதான். போன தடவ நின்ன எடத்துக்கும் இப்ப நிக்கிற எடத்துக்கும் நடுவுல கோடு இழுத்துப் பாரு. அப்படிப் பாத்தா மறுபடி அந்தப் பழைய கோட்டுக்கேதான் வந்து நிக்கே. இதுக்குத்தான் அம்புட்டு அடமா?

துப்பாக்கியத் திரும்ப நெறைக்கிறதப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ப்பக்கம் குறவரு கொக்கு சுட வருவாவ, நாட்டுத் துப்பாக்கியோட. வேட்டையப் பாக்க விடமாட்டாவ, நெறைக்கிறதப் பாக்க விடுவாவ. கொழல்ல மருந்த ஊத்தணும். தேங்கா நார உருட்டித் திணிக்கணும். கம்பியால குத்தி எறக்கணும். ரவையப் போடணும், மறுபடி நார வச்சுக் குத்தணும். கடைசியில கேப்ப மாட்டணும். இத்தனையும் முடியறதுக்குள்ள கொக்கு அடுத்த கொளத்துக்குப் போயிருக்கும். வேட்டையில ருசியே அந்த நேரந்தான்னு அந்தச் சின்ன வயசுலயே எனக்குப் பட்டுச்சு. கையில துப்பாக்கி இருக்கு, ஆனா சுட முடியாது. கண்ணு கொக்கு மேல, கை கம்பி மேல.

உன் ஆட்டத்துல ரீலோடு என்ன ஆவுது? மேகசீன்ல 30 குண்டு, 18 சுட்டாச்சு, 12 பாக்கி. புது மேகசீன மாட்டுதான். பழசுல கெடந்த 12-ம் பையில இருக்க மத்த குண்டுகளோட போயி நைசாச் சேந்துக்கிடுது. அநேக ஆட்டத்துல இந்தக் கள்ளக்கணக்கு உண்டு. எல்லாரும் ஒத்துக்கிட்டாவ, நீயும் வச்சுக்க. ஆனா எண்ணிக்கை எந்த நிமிசத்துல மாறுதுன்னு பாரு. கை மேகசீனத் தொட்டதுமே 30-ன்னு போட்டுட்டே. கஃபேல ஆடுன பயலுவ கையில இது சிக்குனா, மாட்டுத மாதிரி தொட்டுட்டு ஒடனே கத்திக்கு மாறி, மறுபடி துப்பாக்கிக்கு வந்துருவானுவ. குண்டு நெறைஞ்சிரும், நேரம் போவாது. ரெண்டே நாள்ல தாராவி பூரா தெரிஞ்சிரும், உனக்கு மட்டும் ஒரு மாசம் கழிச்சுத் தெரியும். புது மேகசீன் டக்குன்னு உள்ள எறங்குத அந்த நொடியில மாத்து. அதுக்கு முன்னால விட்டுட்டு ஓடுனவனுக்கு ஒண்ணும் குடுக்காத.

ஜூகு கடற்கரையில பலூன் சுட்டிருக்கியா? உன் அப்பன் சின்னவனா இருக்கையில கூட்டிட்டுப் போவேன். காத்துத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு நிக்கிறவன் குறி முள்ள லேசா வளச்சு வச்சிருப்பான். நேராக் குறிபாத்தா பலூன் சிரிக்கும். நான் மொத ரெண்டு ரவையப் பலூனுக்குச் சுடமாட்டேன். பலகையில ஒரு பொள்ளலப் பாத்துச் சுடுவேன். எவ்வளவு தள்ளிப் படுதுன்னு தெரிஞ்சுக்கிடுவேன். பொறவு பலூனுக்கு ரெண்டு வெரக்கடை இடப்பக்கம், ஒரு வெரக்கடை கீழ. டப், டப், டப். அவன் மொகம் செத்துரும். அடுத்த வாரம் வேற துப்பாக்கிய நீட்டுவான். இதுல சேதி என்னன்னா, அது கோணத் துப்பாக்கி, ஆனா எப்பவும் ஒரே கோணல். படிச்சுக்கிடலாம். 2012-ல வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்குல ஏகே-47-அ அமுக்கிப் பிடிச்சா மொதல்ல மேல ஏறும், பொறவு ரெண்டு பக்கமும் அலையும். ஆனா ஒவ்வொரு தடவையும் அநேகமா அதே தடம். பயலுவ வெறுஞ் சுவத்தப் பாத்து மணிக்கணக்காச் சுட்டு, கைய எதிர்ப்பக்கம் இழுத்து இழுத்துப் படிச்சானுவ. உன் துப்பாக்கி எப்படி? ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சீட்டுக் குலுக்கிப் போடுதே. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு எங்கயோ. அது கோணல் இல்லலே, குடிச்சுட்டு வந்தது. கோணத் துப்பாக்கிய எத்தன வேணாலும் குடு, சம்மதம். குடிகாரத் துப்பாக்கியக் குடுத்தா கெட்டிக்காரனுக்கும் கூறுகெட்டவனுக்கும் என்ன வித்தியாசம்? தூரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் செதறட்டும். ஆனா நின்னு நெதானிச்சுச் சுடுத மொதக் குண்டு போக வேண்டிய எடத்துக்குப் போயிரணும். டூம்ல அப்படித்தான் வச்சிருந்தான்.

இனி கணக்கு வழக்கு. கல்லாவுல உக்காந்தவன்கிட்ட இதுல ஏமாத்த முடியாது.

நிமிசத்துக்கு 800 குண்டு சுடுத துப்பாக்கின்னு எழுதி வச்சிருக்கே. அப்படின்னா நொடியில ஆயிரத்துல 75 பங்குக்கு ஒரு குண்டு. ஆனா போன் ஒவ்வொரு படத்துக்கும்தான் முழிச்சுப் பாக்கு. உன் கூட்டாளி, மாதுங்காக்காரன், நொடிக்கு 120 படம் காட்டுத போன் வச்சிருக்கான். அவனுக்குச் சரியா 9 படத்துக்கு ஒரு குண்டு, 800-ம் வந்துருது. உன்னோட போன்ல 60 படம். அஞ்சாவது படத்துலதான் நேரம் தாண்டுது, நிமிசத்துக்கு 720. நம்ம சந்துப் பயலுவ வச்சிருக்க பழைய போன் 30 படத்துலயே மூச்சு வாங்கும். அவனுக்கு மூணு படத்துக்கு ஒண்ணு, வெறும் 600. ஒரே துப்பாக்கி, ஒரே பேரு. வெல ஒசந்த போன் வச்சிருக்கவனுக்கு நிமிசத்துக்கு 200 குண்டு இனாம்! நீ வேணும்னு பண்ணல, தெரியும். ஒரு குண்டு போனதும் கடிகாரத்தப் பூச்சியத்துக்குக் கொண்டு போறே. மிஞ்சுன சில்லறைய அடுத்த குண்டுக்கு வரவு வையி, எல்லாருக்கும் 800 ஆயிரும். மீதிச் சில்லறையக் குடுக்காதவன் கடைக்கு எவனாவது ரெண்டாவது தடவ வருவானா?

வேணும்னே பண்ணுத ஒண்ணும் இருக்கு. ஆளுக்கு உசுரு 100, குண்டுக்குச் சேதம் 33-ன்னு வச்சிருக்கே. மூணு குண்டு பட்டா 99. ஒத்த உசுரோட தப்பிச்சு ஓடலாம், நாலாவது படணும். உன் சேட்டு வந்து, "துட்டு குடுக்கிறவனுக்கு மட்டும் 34 வையி, ஒண்ணுதான கூட"ம்பான். 34-ஐ மூணால பெருக்கு. 102. மூணே குண்டுல ஆளு காலி. நிமிசத்துக்கு 600 சுடுத துப்பாக்கின்னா, நாலு குண்டுக்கு 0.3 நொடி, மூணு குண்டுக்கு 0.2 நொடி. அந்த ஒத்த நம்பருக்குள்ள சாவுல மூணுல ஒரு பங்கு நேரம் ஒளிஞ்சிருக்கு. நூத்துக்கு மூணு கூட்டுனேன்னு சேட்டு கணக்குச் சொல்லுவான், ஆடுதவனுக்கு உசுரு போவும். துப்பாக்கிக்குத் தங்கமுலாம் பூசி வில்லு, மயிலு படம் ஒட்டி வில்லு, நான் கேக்கமாட்டேன். தோலுல நெசமான பை தச்சு சயான்-பாந்த்ரா ரோட்டுல கடை வச்சு நாங்க சம்பாதிக்காத துட்ட, இல்லாத துப்பாக்கிக்கு இல்லாத பெயிண்டு அடிச்சு நீ சம்பாதிப்பே. வவுறு எரியுதுதான், இருந்தாலும் நல்லாரு. ஆனா 34-ஐ விக்காத.

சுடுததே இல்லாம ஆட்டம் விட்டவனும் நம்ம நாட்டுல உண்டு, தெரியுமா? 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியத் தடை பண்ணுனாவ. ரெண்டே நாள்ல பெங்களூரு என்கோர் கம்பெனியோட ஃபௌஜின்னு ஒண்ணு வருதுன்னு சொல்லி, நடிகர் அக்ஷய் குமாரு அதோட படத்தப் பரப்பிவிட்டாரு. இனிமே நம்ம துப்பாக்கிதான்னு தெருவெல்லாம் பேச்சு. 2021 குடியரசு தினத்தன்னைக்கு வந்துச்சு. தொறந்து பாத்தா, பட்டாளத்துக்காரன் கையில துப்பாக்கியே இல்ல! குத்து, ஒதை, கட்டை. பயலுவ தலையில கைய வச்சுட்டானுவ. நான் அந்தக் கம்பெனியக் குத்தஞ்சொல்லமாட்டேன். கதை கால்வான்ல நடக்கு. 2020 ஜூன் 15 ராத்திரி அங்கன நெசமாவே துப்பாக்கிச் சூடு இல்லாமத்தான் சண்டை நடந்துச்சு. வரலாறு சரி, வந்தவன் பசிதான் வேற. துப்பாக்கி பொறவு அதே வருசம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஃபௌஜி டாமினேசன்னு ஒண்ண நம்ம பம்பாய் நஸாராக்காரங்க வெளியிட்டாவ, அதுல சுட்டுத் தள்ளுதாவ. புனேக்காரங்க 2024 அக்டோபர்ல இண்டஸ்னு ஒண்ணு விட்டாவ. உனக்குப் போட்டி ஏற்கெனவே தாதர் ஸ்டேசன் கணக்கா நெரியுது.

பப்ஜியும் 2021 சூலையில பேர மாத்திக்கிட்டு பிஜிஎம்ஐ-ன்னு திரும்பி வந்துச்சு. ரத்தத்தப் பச்சைக் கலராக்கிட்டான். கொன்னான்னு சொல்லாம முடிச்சான்னு சொன்னான். பச்சையாத் தெறிக்கிறதப் பாத்து உன் பாட்டி, "இந்தப் பய யாரு, கண்ட எடத்துல துப்புதான்?"னு கேட்டா. அம்புட்டு அடக்கமா வந்தும் 2022 சூலையில தூக்கிட்டாவ, 2023 மே மாசம் மறுபடி விட்டாவ. கலர மாத்தி வைக்க ஒரு பொத்தான் இப்பவே எழுதி வச்சுக்க. சர்க்காரு எப்ப என்ன கலர் கேக்கும்னு தெரியாது.

சரி, இப்ப நாட்டாமைக்கு வாரேன்.

உன் அப்பனும் சித்தப்பனும் சின்னப் பயலுவளா இருக்கையில சிவகாசிக் கேப்புத் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. கேப்ப இங்கன டிக்லின்னு சொல்லுவானுவ. தீவாளி முடிஞ்சு கேப்பு தீந்துபோனாலும் ஆட்டம் தீராது, வாயாலயே டுமீல்ம்பான். "நீ செத்துட்டே." "இல்ல, படல." "பட்டுச்சு." "நான் அதுக்குள்ள சந்துக்குள்ள போயிட்டேன்." சோறு வேகுத வரைக்கும் இந்த வழக்கு ஓடும். சட்டை கிழியும், பல்லு ஆடும். தெருமுக்குல ஒரு கெழவி பணியாரம் சுடுவா. கடைசியில ரெண்டு பேரும் அவகிட்டத்தான் போவானுவ. அவ பணியாரத்தத் திருப்பிக்கிட்டே, "சின்னவன் செத்தான், போ"ம்பா. பாத்தாளா பாக்கலியான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனா தீர்ப்பு ஒண்ணு, எடம் ஒண்ணு. ரெண்டு பயலுவளும் ஆளுக்கொரு பணியாரத்தோட திரும்பி வந்து அடுத்த சண்டைய ஆரம்பிப்பானுவ.

அவதான் நாட்டாமை. நீ அவளத்தான் செய்ய மறந்துட்டே. உன் ஆட்டத்துல சுடுதவன் போனே, "நான் சுட்டேன், அவன் செத்தான்"னு சொல்லுது, சர்வர் தலையாட்டுது. திருடன் கையில சாவியக் குடுத்துட்டு வீட்டுக் கணக்கையும் அவனையே எழுதச் சொன்னா எப்படி? போனப் பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஒரு பய வந்தான்னா, தாராவியில உக்காந்துக்கிட்டு செம்பூர்ல நிக்கிற அம்புட்டுப் பேரையும் நான் சுட்டேன்னு எழுதி அனுப்புவான். போன் சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: "இந்த நேரத்துல, இந்தத் திசையில, விசைய இழுத்தேன்." பட்டுச்சா படலியான்னு சர்வர்தான் சொல்லணும்.

அதுலயும் ஒரு இக்கட்டு இருக்கு. மாதுங்காக்காரனுக்கு ஃபைபர் லைனு. தாராவியில தகரத்துக்கு அடியில சிக்னலத் தேடுதவனுக்கு எல்லாம் பிந்தித்தான் வந்து சேரும். அவன் திரையில எதிராளி நிக்கிற எடம் பழைய எடம். சரியாக் குறிபாத்துத்தான் சுடுதான்; ஆனா சர்வருக்குச் சேதி வர்றதுக்குள்ள எதிராளி நவுந்துட்டான். இப்ப இருக்க எடத்த வச்சுத் தீர்ப்புச் சொன்னா, சிக்னல் இல்லாதவன் எத்தன சுட்டாலும் வீணு. இதுக்கு வால்வ் கம்பெனியில யான் பெர்னியர்னு ஒருத்தர் 2001-லயே வழி எழுதி வச்சிருக்காரு. சர்வரு எல்லாரும் எப்ப எங்க நின்னாங்கன்னு கொஞ்ச நேரத்துக்கு ஞாபகம் வச்சிருக்கணும். சேதி வந்ததும், சுட்டவன் கண்ணுல அப்ப என்ன தெரிஞ்சுதோ அந்த நேரத்துக்கு எல்லாரையும் பின்னால கொண்டு போயி நிறுத்தணும். கோடு இழுத்துப் பாக்கணும். பட்டுச்சுன்னா பட்டுச்சு. பொறவு எல்லாரையும் அவனவன் எடத்துல விட்டுரணும். கெழவிக்கு நடந்தத மறுபடி பாக்க முடிஞ்சிருந்தா அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பா.

இதுல வயித்தெரிச்சல் யாருக்குன்னா செத்தவனுக்கு. நொடிக்கு 5 மீட்டர் ஓடுதான்னு வையி. 0.2 நொடி பின்னால போனா ஒரு மீட்டர். தூணுக்குப் பின்னால போயி ஒளிஞ்சவன, ஒளியறதுக்கு முந்தி நின்ன எடத்துல வச்சுச் சுட்டதா எழுதிருது. "சுவத்துக்குப் பின்னால போயிட்டேன், அப்பவும் செத்துட்டேன்"னு கஃபேல ஒருத்தன் மௌசப் போட்டு ஒடச்சான் பாரு, அந்த மௌசுக்குத் துட்டு வாங்குனது நான். அப்ப அவன் பொய் சொல்லுதான்னு நெனச்சேன்; பய நெசத்தத்தான் சொல்லியிருக்கான். அவன் திரையில அவன் ஒளிஞ்சிட்டான், சுட்டவன் திரையில ஒளியல. ரெண்டும் நெசம். அதனால எவ்வளவு தூரம் பின்னால போலாம்னு ஒரு வரம்பு கட்டு. அதுக்கு மேல பிந்துனா, "தம்பி, உன் சிக்னல் சரியில்ல, நீ முன்னாடி தள்ளிக் குறிபாரு"ன்னு சுடுதவனச் சொமக்க விடு. செத்தவனுக்கு எவன் எங்கன இருந்து சுட்டான்னு ஒரு நொடி காட்டு. ஏன் செத்தோம்னு தெரிஞ்சவன் திரும்பி வருவான். தெரியாதவன் ஆட்டத்தையே போன விட்டு எடுத்துருவான். துப்பாக்கிக்கு நீ செலவழிச்ச நேரத்துல பாதிய இதுக்குச் செலவழிச்சிருந்தா இந்நேரம் நீ சேட்டு.

சத்தத்தப் பத்தி ஒண்ணுதான். நீ வாங்குன வெடிச் சத்தம் சண்முகானந்தா ஹால்ல தவில் அடிச்ச மாதிரி முழங்குது. மூணடிச் சந்துல அப்படிக் கேக்குமாலே? சத்தம் தகரத்துல அடிச்சு, படார்னு முடிஞ்சிரணும். மைதானத்துக்கு வந்தா மட்டும் வாலு நீளட்டும்.

நம்ம ஊர்ச் சந்த உனக்கு முந்தியே ஒருத்தன் ஆட்டத்துல வச்சுட்டான். டென்மார்க்குல கோபன்ஹேகன்னு ஒரு ஊரு. அங்க இருக்க ஐஓ இன்டராக்டிவ்காரன் 2018 நவம்பர்ல விட்ட ஹிட்மேன் 2-ல ஒரு கட்டம் பூரா பம்பாய்ச் சேரிதான். சந்து, சலவைக்கூடம், நாவிதர் கடை, ரயில் பெட்டி எல்லாம் வச்சிருக்கான். நீ காட்டுனப்ப நல்லாத்தாம்லே இருக்குன்னு பாத்தேன். ஆனா மொட்டைத் தலையோட, பொடறியில பார்கோடு குத்துன வெள்ளக்காரன் ஒருத்தன் கோட்டுப் போட்டு நடந்து போறான், பாதிப் பேரு அவம்பாட்டுக்குப் போறான்னு விட்டுருதானுவ. நம்ம சந்துல இது நடக்குமா? முதல் வாசல்லயே "யாரு வேணும்?" ரெண்டாவது வாசல்ல "எந்த ஊரு?" மூணாவதுல காப்பி குடுத்து உக்கார வச்சு, எம்புட்டுச் சம்பளம்னு கேட்டுருவா. கொலை பண்ண வந்தவன் சாயங்காலம் கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்கிட்டுப் போவான்.

உன் ஆட்டத்துல சந்து காலியாக் கெடக்கு, அதுதான் எனக்குப் பிடிக்கல. ஆள நெரிச்சு வையின்னு சொல்லல, போன் சூடாயிரும். சாமான வையி. தகரம், பிளைவுட்டு, நீலத் தார்ப்பாய், செங்கச் சுவரு, டிரம்மு. ஒவ்வொண்ணுலயும் குண்டு என்ன பண்ணும்னு எழுது. தார்ப்பாய் குண்டத் தடுக்காது, கண்ண மட்டும் மறைக்கும். தகரத்துல பாஞ்சு அந்தப் பக்கம் போவும், ஆனா சேதம் பாதியா கொறையட்டும். செங்கல்லு நிறுத்திரும். டிரம்முல பட்டா தண்ணி ஒழுகணும். அது காலங்காத்தால குழாயடியில நின்னு பிடிச்ச தண்ணி; அதச் சுட்டவனுக்கு நாலு புள்ளி கொறை.

எனக்கு ஆலோசனை ஃபீஸ் உண்டு. துட்டெல்லாம் வேண்டாம். அந்த மூணாவது சந்து திருப்பத்துல ஒரு கயித்துக் கட்டிலப் போட்டு என்னைய உக்கார வையி. கைலி, முண்டா பனியன், கையில வெத்தலப் பொட்டி. எவன் சுட்டாலும் என் மேல பாயக்கூடாது. குண்டு கட்டிலுக்கு முன்னால தொப்புன்னு கீழ விழணும். பக்கத்துல ஓடி வர்றவன நான், "ஏலே, யாரு மவன்லே நீ?"ன்னு கேப்பேன், பதில் சொல்லுத வரைக்கும் அவன் துப்பாக்கி வேலை செய்யக்கூடாது. இந்த விதிய சர்வர்ல எழுது, கேட்டியா? போன்ல எழுதுனா அந்த மாதுங்காப் பய மாத்திருவான்.